ஜப்பான்காரங்க சும்மா குடுத்ததா? வெளிநாட்டு வளர்ச்சி உதவி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பென்னாகரம் பக்கத்தில் ஓர் ஊர். மேல்நிலைத் தொட்டிக்குக் கீழே குழாயடியில் குடங்கள் வரிசையில் நின்றன. தொட்டித் தூணில் இருந்த பலகையில் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம், ஜைக்கா நிதியுதவியுடன் என்று எழுதியிருந்தது. ஜைக்கா என்பது ஜப்பான் அரசின் உதவி அமைப்பு. வரிசையில் நின்ற பாட்டி ஒருவர் என்னிடம் கேட்டார்: "ஏங் கண்ணு, இது ஜப்பான்காரங்க சும்மா குடுத்ததா, இல்ல திருப்பிக் குடுக்கணுமா?"

திட்ட ஆவணங்களைத் தமிழாக்குவது என் பிழைப்பு. 'நிதியுதவி' என்ற சொல்லை நானே நூறு தடவைக்கு மேல் எழுதியிருப்பேன். அந்தப் பலகையை வைத்துப் பார்த்தால் பாட்டியின் கேள்விக்கு விடை கிடையாது. கடனும் உதவி, கொடையும் உதவி, பயிற்சிக்கு ஆளனுப்பினால் அதுவும் உதவி. அன்றிலிருந்து நண்பர்களும் வாசகர்களும் கேட்ட கேள்விகளைச் சேர்த்து வைத்தேன். அவற்றுக்கான பதில்கள் இங்கே.

பாட்டிக்கு என்ன பதில் சொன்னீர்கள்?

கடன் என்று சொன்னேன். திருப்பிக் கட்ட வேண்டும் என்றும் சொன்னேன்.

தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம். பிள்ளைகளின் பல் பழுப்பேறும், வயதானவர்களுக்கு மூட்டும் முதுகெலும்பும் இறுகிப்போகும். காவிரித் தண்ணீரைச் சுத்திகரித்து அந்த மாவட்டங்களுக்குக் கொண்டுவர ரூ.1,928.80 கோடியில் திட்டம் போட்டார்கள். பணத்தின் பெரும்பகுதிக்கு 2008-இல் ஜப்பானிடம் யென் கடன் வாங்கப்பட்டது. 2013-இல் திட்டம் தொடங்கி வைக்கப்பட்டது.

கடனாளி இந்திய அரசு. வெளிநாட்டு அரசிடமோ உலக வங்கியிடமோ ஒரு மாநிலம் நேராகப் போய்க் கடன் ஒப்பந்தம் போட முடியாது. டெல்லியில் நிதி அமைச்சகத்தின் பொருளாதார விவகாரத் துறைதான் கையெழுத்திடும். முன்பெல்லாம் மத்திய அரசு அந்தப் பணத்தில் 30 சதவீதத்தை மானியமாகவும் 70 சதவீதத்தைக் கடனாகவும் மாநிலத்துக்குத் தந்தது. பன்னிரண்டாவது நிதிக்குழு அதை மாற்றியது. 2005 ஏப்ரல் முதல் தமிழ்நாடு போன்ற மாநிலங்களுக்கு வெளிநாட்டுக் கடன் எந்த வட்டியில், எந்தத் தவணையில் வருகிறதோ அப்படியே கைமாறுகிறது. யென்னின் மதிப்பு ஏறினால் அந்தச் சுமையும் மாநிலத்தின் தலையில்தான். ஆகவே கட்டுவது தமிழ்நாட்டு அரசின் கருவூலம். தீப்பெட்டி வாங்கும்போது கொடுக்கும் வரியும் அதற்குள் இருக்கிறது.

பாட்டி கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "நம்ம காசுன்னா தொட்டியக் கழுவச் சொல்லிக் கேக்கலாம்ல?" என்றார். கேட்கலாம் என்றேன்.

திருப்பிக் கட்ட வேண்டிய பணத்தை ஏன் உதவி என்கிறார்கள்?

'அதிகாரபூர்வ வளர்ச்சி உதவி' என்று ஒரு கணக்குச் சொல் இருக்கிறது. ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து ஓடிஏ என்பார்கள். இலங்கையில் 'உத்தியோகபூர்வ அபிவிருத்தி உதவி' என்று எழுதுவார்கள். வளர்ச்சி என்று நாம் சொல்வதற்கு அங்கே அபிவிருத்தி என்று பெயர், பொருள் ஒன்றுதான். இந்தக் கணக்கில் சேர மூன்று நிபந்தனைகள் உண்டு. கொடுப்பது ஓர் அரசாகவோ அரசின் முகமையாகவோ இருக்க வேண்டும். வாங்கும் நாட்டின் பொருளாதார வளர்ச்சியும் மக்கள் நலனும் முதன்மை நோக்கமாக இருக்க வேண்டும். கடனாக இருந்தால் சந்தையைவிடச் சலுகையான கடனாக இருக்க வேண்டும்.

எவ்வளவு சலுகை என்பதை அளக்க 'கொடைக் கூறு' என்ற அளவுகோலை வைத்திருக்கிறார்கள். வீட்டுக் கணக்காகப் போட்டால் எளிதில் புரியும். உங்கள் மாமா வட்டியில்லாமல் ஒரு லட்சம் ரூபாய் தருகிறார், பத்து ஆண்டு கழித்து மொத்தமாகக் கொடுத்தால் போதும் என்கிறார். வங்கியில் 7 சதவீத வட்டி என்று வைத்துக்கொள்வோம். பத்து ஆண்டில் ஒரு லட்சமாக வளர இன்று சுமார் ரூ.50,800 போட்டு வைத்தால் போதும். அதாவது மாமா உங்களுக்குச் சும்மா கொடுத்தது ரூ.49,200. அந்தக் கடனின் கொடைக் கூறு 49 சதவீதம்.

1972 முதல் வெகுகாலம் 10 சதவீத வட்டியை வைத்துக் கணக்கிட்டு, கொடைக் கூறு 25 சதவீதம் இருந்தால் கடன் முழுவதையும் உதவிக் கணக்கில் எழுதிக்கொண்டார்கள். கடன் திரும்பி வரும்போது கழித்தார்கள். 2018 ஆண்டுக் கணக்கிலிருந்து முறை மாறியது. இப்போது கடனில் கொடைக்குச் சமமான பகுதி மட்டுமே உதவியாக எழுதப்படும். மிகவும் ஏழை நாடு என்றால் 9 சதவீத வட்டியை அளவாக வைத்து, குறைந்தது 45 சதவீதம் கொடைக் கூறு வேண்டும். இந்தியா போன்ற கீழ் நடுத்தர வருமான நாட்டுக்கு 7 சதவீத வட்டி, 15 சதவீதக் கொடைக் கூறு. உலகச் சந்தையில் வட்டி மிகக் குறைந்திருந்த ஆண்டுகளிலும் இந்த 7-ம் 9-ம் மாறவில்லை. உண்மையான சலுகையைவிடக் கணக்கில் காட்டும் சலுகை பெருத்துத் தெரிகிறது என்று கணக்குத் தெரிந்தவர்களே குறை சொல்கிறார்கள். அந்தக் குறை நியாயமானது என்பதே என் எண்ணம்.

இந்தக் கணக்கை யார் வைத்திருக்கிறார்கள்?

பாரிஸில் உள்ள பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பு. அதற்குள் வளர்ச்சி உதவிக் குழு என்று ஒன்று 1961 முதல் இருக்கிறது. கொடுக்கும் நாடுகளின் சங்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். முப்பதுக்கும் மேற்பட்ட உறுப்பினர்கள் உண்டு. எது உதவி, எது உதவியில்லை என்ற வரையறை, எந்தெந்த நாடு வாங்கத் தகுதியுள்ளது என்ற பட்டியல் எல்லாம் அங்கேதான் முடிவாகும். பட்டியலை மூன்று ஆண்டுக்கு ஒருமுறை திருத்துவார்கள். தொடர்ந்து மூன்று ஆண்டு உயர் வருமான நாடாக இருந்துவிட்டால் பெயர் நீக்கப்படும்.

வரையறையைக் கொடுப்பவர்களே எழுதுகிறார்கள், வாங்குபவர்களுக்கு அந்த மேசையில் வாக்கு இல்லை. இதை மனதில் வைத்துக்கொண்டு அடுத்த பதிலைப் படியுங்கள்.

எது கணக்கில் சேரும், எது சேராது?

ஆயுதம், படைத்தளவாடம் சேராது. பயங்கரவாத எதிர்ப்புக்குக் கொடுக்கும் பணமும் பொதுவாகச் சேராது. பள்ளிக்கூடம், தடுப்பூசி, சாலை, மின்சாரம், குடிநீர், பயிற்சி, புயல் நிவாரணம் எல்லாம் சேரும்.

பலருக்கும் தெரியாத ஒன்றும் சேரும். கொடுக்கும் நாட்டுக்குத் தஞ்சம் கேட்டு வருகிறவர்களை முதல் பன்னிரண்டு மாதம் தங்கவைக்கும் செலவு அது. பணம் ஏழை நாட்டுப் பக்கமே போகாது. 2023-இல் பிரிட்டன் தன் உதவிப் பணத்தில் 100 பவுண்டுக்கு 28 பவுண்டை இப்படித் தன் நாட்டுக்குள்ளேயே செலவழித்தது. தஞ்சம் தேடி வந்தவரைக் காப்பாற்றுவது நல்ல காரியம், அதில் எனக்குச் சந்தேகமில்லை. அந்தச் செலவைத் தூரத்து ஊர் ஒன்றின் கிணற்றுக்கும் மருந்துக்கும் ஒதுக்கிய பணத்திலிருந்து எடுப்பதைத்தான் ஏற்க முடியவில்லை.

0.7 சதவீதம் என்று அடிக்கடி சொல்கிறார்களே?

பணக்கார நாடு தன் மொத்தத் தேசிய வருமானத்தில் 100 ரூபாய்க்கு 70 காசு வளர்ச்சி உதவியாகத் தர வேண்டும் என்ற இலக்கு அது. கனடாவின் முன்னாள் பிரதமர் லெஸ்டர் பியர்சன் தலைமையிலான குழு 1969-இல் பரிந்துரைத்தது. 1970 அக்டோபரில் ஐ.நா. பொதுச்சபை தீர்மானமாக எடுத்துக்கொண்டது. ஐம்பது ஆண்டுக்கு மேல் ஆகிவிட்டது. 2024-இல் அந்த அளவைத் தொட்டவை நார்வே, சுவீடன், டென்மார்க், லக்சம்பர்க் ஆகிய நான்கு நாடுகள்தான். எல்லா நாடுகளையும் சேர்த்துப் பார்த்தால் 33 காசு. அமெரிக்கா இந்த இலக்கை ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை.

பிரிட்டன் 2015-இல் இதைச் சட்டமாகவே இயற்றியது. 2021-இல் 0.5 ஆகக் குறைத்தது. 2027-இல் 0.3 ஆகும் என்று 2025 பிப்ரவரியில் அறிவித்தது.

தொகையாகப் பார்த்தால் கதை வேறு. முதல்நிலைக் கணக்கின்படி 2024-இல் மொத்த உதவி 21,210 கோடி டாலர். அதில் அமெரிக்கா 6,330 கோடி, ஜெர்மனி 3,240 கோடி, பிரிட்டன் 1,800 கோடி, ஜப்பான் 1,680 கோடி, பிரான்ஸ் 1,540 கோடி. வருமானத்தில் எத்தனை காசு என்று பார்த்தால் பின்வரிசையில் இருந்த அமெரிக்கா, அந்த ஆண்டு தொகையில் முதலிடம். ஒரு நாட்டைப் புகழவோ குறை சொல்லவோ இந்த இரண்டு எண்ணில் ஒன்றை மட்டும் எடுத்துக் காட்டுபவர்களிடம் மற்றதையும் கேளுங்கள்.

இருதரப்பு, பலதரப்பு என்றால்?

ஓர் அரசு இன்னோர் அரசுக்குத் தருவது இருதரப்பு. பல அரசுகள் பணம் போட்டு நடத்தும் அமைப்பு வழியாகத் தருவது பலதரப்பு.

பலதரப்பில் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது உலக வங்கிக் குழுமத்தின் சர்வதேச வளர்ச்சிச் சங்கம். 1960-இல் தொடங்கியது, சுருக்கமாக ஐடிஏ. உலக வங்கி என்று பொதுவாகச் சொன்னாலும் உள்ளே வெவ்வேறு பெட்டிகள் இருக்கின்றன. ஒரு பெட்டியில் சந்தை வட்டிக்கு நெருக்கமான கடன். ஐடிஏ பெட்டியில் மிக ஏழை நாடுகளுக்கு நீண்டகால மென்கடனும் கொடையும். பல பத்தாண்டுகள் ஐடிஏவிடம் மிக அதிகம் வாங்கிய நாடு இந்தியா. 2014-இல் அந்தத் தகுதியிலிருந்து மேலேறியது. இப்போது அதே ஐடிஏவுக்கு இந்தியாவும் பணம் போடுகிறது.

ஆசிய வளர்ச்சி வங்கி 1966 முதல் மணிலாவில் இயங்குகிறது, ஜப்பானும் அமெரிக்காவும் சம பங்குடைய பெரிய பங்குதாரர்கள். பெய்ஜிங்கில் ஆசிய உள்கட்டமைப்பு முதலீட்டு வங்கி இருக்கிறது, சீனாவுக்கு அடுத்த பெரிய பங்கு இந்தியாவுடையது. ஷாங்காயில் பிரிக்ஸ் நாடுகளின் புதிய வளர்ச்சி வங்கி. சென்னை மெட்ரோ இரண்டாம் கட்டத்துக்கு ஜைக்காவோடு இந்த மூன்று வங்கிகளும் கடன் தருகின்றன. அதனால் மாதவரத்திலிருந்து சோழிங்கநல்லூர் போகும் ஒரே திட்டத்துக்குள் நான்கு விதமான கொள்முதல் விதிகள் ஓடுகின்றன.

ஐ.எம்.எஃப். தருவதும் இதில் வருமா?

பொதுவாக வராது. அன்னியச் செலாவணி தீர்ந்து மூச்சு முட்டும் நாட்டுக்கு சர்வதேச நாணய நிதியம் (ஐ.எம்.எஃப்.) நிபந்தனையோடு தரும் மீட்புக் கடன் அது. ஏழை நாடுகளுக்கென்று அது வைத்திருக்கும் சலுகை நிதி மட்டும் விதிவிலக்கு.

ஒவ்வொரு நாட்டிலும் எந்த அமைப்பு இதைச் செய்கிறது?

ஜப்பானுக்கு ஜைக்கா. 1974-இல் தொழில்நுட்ப ஒத்துழைப்புக்காகத் தொடங்கியது. யென் கடன் தரும் வேலை ஜப்பான் சர்வதேச ஒத்துழைப்பு வங்கியிடமிருந்து 2008 அக்டோபரில் இதற்கு மாறியது. ஒகேனக்கல் கடனில் ஒருவர் கையெழுத்திட இன்னொருவர் பணம் தந்தது இந்த இணைப்பால்தான். ஜப்பான் தன் வாழ்நாளில் தந்த முதல் யென் கடன் இந்தியாவுக்கு, 1958-இல்.

ஜெர்மனியில் அமைச்சகம் கொள்கை வகுக்கும், கேஎஃப்டபிள்யூ வங்கி கடனும் கொடையும் தரும், ஜிஐஇசட் நிபுணர்களை அனுப்பும். பிரான்ஸுக்கு ஏஎஃப்டி. சுவீடனுக்கு சிடா, நார்வேக்கு நோராட்.

தனி அமைப்பாக நின்று, பிறகு வெளியுறவு அமைச்சகத்துக்குள் கரைந்துபோனவையும் உண்டு. கனடாவின் சிடாவும் ஆஸ்திரேலியாவின் ஆஸ்எய்டும் 2013-இல் கரைந்தன. 1997-இல் தனி அமைச்சகமாக வந்த பிரிட்டனின் டிஎஃப்ஐடி 2020-இல் கரைந்தது. ஏழ்மை ஒழிப்பை மட்டும் தன் வேலையாக நினைத்த அதிகாரியின் மேசை, வணிகமும் ராஜதந்திரமும் பேசும் கட்டடத்துக்குள் போய்விடுகிறது. வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குப் பெயர்ப் பலகை மாறியது மட்டும்தான் தெரியும்.

யுஎஸ்எய்ட் மூடப்பட்டுவிட்டதா?

ஆம். 1961 நவம்பரில் ஜான் கென்னடி காலத்தில் தொடங்கிய அமெரிக்க அரசின் வெளிநாட்டு உதவி அமைப்பு அது. 2025 ஜனவரி 20 அன்று பதவியேற்ற டிரம்ப் அன்றே வெளிநாட்டு உதவியை 90 நாள் நிறுத்தி வைத்தார். திட்டங்களில் 83 சதவீதம் ரத்து என்று மார்ச்சில் வெளியுறவு அமைச்சர் மார்கோ ரூபியோ அறிவித்தார். ஜூலை 1 முதல் மிச்சமிருந்த வேலை வெளியுறவுத் துறைக்குப் போயிற்று.

வரவு செலவுக் கணக்கில் அது ஒரு வரி. ஆப்பிரிக்காவில் எச்.ஐ.வி. மாத்திரையை மாதாமாதம் வாங்கப் போகிறவருக்கு, இந்த மாதம் மருந்தகம் திறந்திருக்குமா என்ற கேள்வி. ஆண்டுக்கு ஆண்டு அடுத்த நாட்டின் நாடாளுமன்றம் ஒதுக்கும் பணத்தில் உயிர் காக்கும் மருந்து ஓடுவது எவ்வளவு ஆபத்தான ஏற்பாடு என்பதை உலகம் ஒரே வாரத்தில் பார்த்தது.

'முடிச்சுப் போட்ட உதவி' என்றால் என்ன?

பணம் தருகிறேன், ஆனால் சரக்கை என் நாட்டுக் கம்பெனியிடம்தான் வாங்க வேண்டும் என்ற நிபந்தனை. ஆவணங்களில் 'கட்டுண்ட உதவி' என்று எழுதுவோம். பேச்சில் முடிச்சு என்றால் எல்லோருக்கும் புரிகிறது. போட்டி இல்லாததால் விலை ஏறும். மிக ஏழை நாடுகளுக்காவது முடிச்சை அவிழ்க்க வேண்டும் என்று வளர்ச்சி உதவிக் குழு 2001-இல் பரிந்துரைத்தது.

மும்பை-அகமதாபாத் புல்லட் ரயில் கடனைப் பாருங்கள். வட்டி 0.1 சதவீதம், 50 ஆண்டுத் தவணை, முதல் 15 ஆண்டு அசல் கட்ட வேண்டாம். கேட்கும்போது தானம் போலவே இருக்கிறது. கூடவே ஷின்கான்சென் என்ற ஜப்பானிய அதிவேக ரயில் தொழில்நுட்பம், ரயிலும் முக்கியக் கருவிகளும் ஜப்பானிலிருந்து என்பதுதான் முதலில் போட்ட ஏற்பாடு. குறைந்த வட்டியில் மிச்சமானது எவ்வளவு, ஒரே கடையில் வாங்க வேண்டியதால் கூடிய விலை எவ்வளவு? இரண்டையும் ஒரே தாளில் போட்டுப் பார்த்தால்தான் லாபமா நட்டமா என்று தெரியும்.

முடிச்சு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு மலேசியாவின் பெர்காவ் அணையைச் சொல்வேன். கிளந்தான் மாநிலத்தில், தாய்லாந்து எல்லைக்கு அருகில் இருக்கும் நீர்மின் அணை. அதற்கு பிரிட்டன் 23.4 கோடி பவுண்டு உதவி தந்தது. அப்போது வெளிநாட்டு உதவித் துறையின் தலைமை அதிகாரியாக இருந்தவர் டிம் லங்கெஸ்டர். இந்த அணை மலேசிய மின்நுகர்வோருக்கு நட்டம், இதைவிட மலிவான வழி இருக்கிறது என்று அவர் எழுத்தில் சொன்னார். பணத்தை விடுவிக்க வேண்டுமென்றால் அமைச்சர் எழுத்தில் உத்தரவு தர வேண்டும் என்று கேட்டார். 1991-இல் வெளியுறவு அமைச்சர் டக்ளஸ் ஹர்ட் உத்தரவு தந்தார். பின்னால் வெளிவந்த செய்தி இதுதான்: 1988-இல் பிரிட்டனின் பாதுகாப்பு அமைச்சர் மலேசியாவோடு ஆயுத விற்பனைக்கான ஓர் உடன்படிக்கையில் கையெழுத்திட்டபோது, வளர்ச்சி உதவியையும் அதனோடு கோத்திருந்தார். ஓர் இயக்கம் வழக்குப் போட்டது. இந்தப் பணம் சட்டவிரோதம் என்று 1994 நவம்பரில் லண்டன் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உதவிப் பணம் ஏழ்மையைக் குறைக்கத்தான் என்று பிரிட்டன் 2002-இல் சட்டம் இயற்றியதன் பின்னால் இந்த அவமானம் இருக்கிறது.

எழுத்தில் உத்தரவு கேட்ட அந்த அதிகாரியை எனக்குப் பிடிக்கும். அவரால் அணையை நிறுத்த முடியவில்லை. ஆனால் வழக்காட வந்தவர்களுக்கு அவர் எழுதி வைத்த காகிதம் கையில் இருந்தது.

இந்தியா வாங்கும் நாடா, கொடுக்கும் நாடா?

இரண்டும். 1951-இல் தொடங்கிய கொழும்புத் திட்டத்திலேயே இந்தியா இரு பக்கமும் இருந்தது.

வாங்கிய காலம் நம் பெரியவர்களின் நாக்கில் இருக்கிறது. அமெரிக்காவின் 1954 சட்டம், பிஎல் 480, அதன்படி வந்த கோதுமைக்கு இந்தியா ரூபாயில் விலை கொடுத்தது. அந்த ரூபாய் இந்தியாவுக்குள்ளேயே அமெரிக்கக் கணக்கில் குவிந்தது. 1965, 66 வறட்சியில் லிண்டன் ஜான்சன் கப்பல்களை மொத்தமாக விடாமல் கொஞ்சம் கொஞ்சமாக விட்டார். வியட்நாம் போரை இந்தியா விமர்சித்ததும் அவர் மனதில் இருந்தது. தமிழ்நாட்டில் காமராஜர் காலத்து மதிய உணவுக்கு 'கேர்' அமைப்பு வழியாக வந்த பால் பவுடரையும் மாவையும் சாப்பிட்டு வளர்ந்தவர்கள் இன்று தாத்தா பாட்டிகள். குவிந்த ரூபாயில் பெரும்பங்கை, ரூ.1,664 கோடிக்கு ஒரே காசோலையாக, 1974-இல் அமெரிக்கத் தூதர் மொய்னிஹன் இந்தியாவிடம் திருப்பித் தந்தார்.

2003 பட்ஜெட் உரையில் ஜஸ்வந்த் சிங், சில பெரிய நாடுகளைத் தவிர மற்றவற்றிடம் இனி அரசு உதவி வேண்டாம் என்று அறிவித்தார். அடுத்த ஆண்டு டிசம்பரில் சுனாமி. நாகப்பட்டினம் கரையில் பிணங்களை எடுத்துக்கொண்டிருந்த நாட்களிலேயே, பிற அரசுகளின் நிவாரணம் வேண்டாம் என்று டெல்லி சொன்னது. இலங்கைக்கும் மாலத்தீவுக்கும் இந்தோனேசியாவுக்கும் கடற்படைக் கப்பல்களை அனுப்பியது. பின்னர் மறுகட்டுமானத்துக்கு உலக வங்கியிடமும் ஆசிய வளர்ச்சி வங்கியிடமும் கடன் வாங்கியது. நிவாரணத்தை மறுத்துவிட்டு மறுகட்டுமானக் கடனை ஏற்றது முரண் என்று சிலர் கேட்கிறார்கள். கடன் வாங்குபவர் சமமாக உட்கார்ந்து பேசுகிறார், நிவாரணம் வாங்குபவர் வரிசையில் நிற்கிறார் என்பது டெல்லியின் பார்வை. படகையும் வலையையும் இழந்த மீனவருக்கு அந்தப் பெருமையால் என்ன கிடைத்தது என்ற கேள்வியையும் நான் ஒதுக்க மாட்டேன்.

கொடுக்கும் பக்கம்: 1964 முதல் ஐடெக் பயிற்சித் திட்டம். ஏற்றுமதி இறக்குமதி வங்கி வழியாகக் கடன் வசதிகள், அதாவது இந்தியச் சரக்கும் வேலையும் வாங்க மற்ற நாடுகளுக்குத் திறந்து வைக்கும் கடன் கணக்கு. இதிலும் முடிச்சு உண்டு. 2012-இல் வெளியுறவு அமைச்சகத்தில் வளர்ச்சிக் கூட்டாண்மைப் பிரிவு. பூட்டானின் சுக்கா நீர்மின் நிலையத்துக்கு இந்தியா 60 சதவீதம் கொடை, 40 சதவீதம் கடன் தந்தது. பிற்பாடு வந்த மாங்டேச்சுவுக்குக் கொடை 30, கடன் 70.

ஈழத்து வாசகர்களுக்கு நன்றாகத் தெரிந்தது இந்திய வீட்டுத் திட்டம். போருக்குப் பின் 50,000 வீடுகள், முழுவதும் கொடை. வடக்கு, கிழக்கில் பெரும்பாலான வீடுகளைக் குடும்பங்களே கட்டின. புது வீட்டுக்கு ஐந்தரை லட்சம் இலங்கை ரூபாய், பழுதுபார்க்க இரண்டரை லட்சம். வேலை முடிந்த கட்டத்தைப் பார்த்துப் பார்த்து வங்கிக் கணக்கில் போட்டார்கள். தன் வீட்டின் வாசல் எந்தப் பக்கம் என்று வீட்டுக்காரியே முடிவு செய்தார் என்பது எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது. சீமெந்து விலை ஏறியபோது கையிலிருந்து போட்டும் நகையை அடகு வைத்தும் கடனாளி ஆனவர்கள் இருக்கிறார்கள், அதையும் சொல்ல வேண்டும்.

இந்தியா வளர்ச்சி உதவிக் குழுவில் உறுப்பினர் இல்லை. 'தெற்கு-தெற்கு ஒத்துழைப்பு' என்று தன் வேலைக்குப் பெயர் வைத்திருக்கிறது.

சீனா தருவது உதவியா?

ஒரு பகுதி உதவி, பெரும்பகுதி வணிகக் கடன். இலங்கையின் அம்பாந்தோட்டைத் துறைமுகத்துக்கு முதலில் சீனாவின் ஏற்றுமதி இறக்குமதி வங்கி தந்த 30.7 கோடி டாலருக்கு வட்டி 6.3 சதவீதம். மேலே சொன்ன 0.1 சதவீதத்தோடு வைத்துப் பாருங்கள். 2017-இல் துறைமுகம் 99 ஆண்டுக் குத்தகைக்குப் போனபோது கிடைத்த 112 கோடி டாலரில் அந்தக் கடன் அடைந்துவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். அடையவில்லை. பணம் நாட்டின் டாலர் கையிருப்புக்குப் போனது, கடன் அப்படியே நின்றது.

2022 ஏப்ரலில் இலங்கை வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்ததும் ஜப்பானின் சலுகைக் கடன் திட்டங்களும் நின்றன. கட்டுநாயக்க விமான நிலைய விரிவாக்கம் பாதியில் கிடந்தது. கடன் மறுசீரமைப்புக்கு ஜப்பானும் பிரான்ஸும் இந்தியாவும் சேர்ந்து தலைமை தாங்கிய குழுவோடு 2024 ஜூனில் உடன்பாடு வந்த பிறகே ஜைக்கா மறுபடி பணம் விட்டது.

பத்திரிகையில் பெரிய தொகை வருகிறது, வேலை நடக்கவில்லையே?

அறிவிப்பு, ஒப்பந்தம், விடுவிப்பு மூன்றும் வேறு வேறு. தலைவர்கள் கைகுலுக்கும் படத்தோடு வருவது அறிவிப்பு. ஒப்பந்தம் ஆன பிறகும் பணம் மொத்தமாக வராது. மாநிலம் முதலில் தன் கையிலிருந்து செலவழித்து, பில்லை டெல்லியில் உள்ள உதவிக் கணக்குத் தணிக்கை அலுவலகம் வழியாக அனுப்பி, திரும்பப் பெறும். நிலம் எடுக்கத் தாமதமானால் விடுவிப்பும் தாமதமாகும். சில கடன்களில் ஒதுக்கிய பணத்தை எடுக்காமல் வைத்திருப்பதற்கும் கட்டணம் உண்டு.

திட்டத்தால் எங்களுக்குப் பாதிப்பு. யாரிடம் முறையிடுவது?

உலக வங்கிக்கு ஆய்வுக் குழு இருக்கிறது. அது பிறந்ததே நர்மதைப் பள்ளத்தாக்கு மக்களால். சர்தார் சரோவர் அணைக்கு வங்கி கடன் தந்தது. ஊரை விட்டுக் கிளப்பப்பட்டவர்கள் போராடினார்கள். வங்கியே அமைத்த மோர்ஸ் குழு, மறுவாழ்வு ஏற்பாடு சரியில்லை என்று 1992-இல் அறிக்கை தந்தது. 1993 மார்ச்சில் மீதிக் கடன் வேண்டாம் என்று இந்தியா விலகியது. அதே ஆண்டு செப்டம்பரில் ஆய்வுக் குழு அமைந்தது. பாதிக்கப்பட்டவர்கள் இரண்டு பேர் சேர்ந்து எழுதினால் போதும், தமிழில் எழுதலாம். ஆசிய வளர்ச்சி வங்கிக்கும் ஜைக்காவுக்கும் இப்படி முறையீட்டு வழிகள் உண்டு.

முறையீட்டுக்கு முன்பே திட்டம் மாறிய கதையும் இருக்கிறது. யாழ்ப்பாணத்தின் கிணறுகள் உவராகி, மாசுபட்டுப் போனதால் இரணைமடுக் குளத்துத் தண்ணீரைக் கொண்டுபோக ஆசிய வளர்ச்சி வங்கி நிதியில் திட்டம் வந்தது. கிளிநொச்சி விவசாயிகள், சிறுபோகத்துக்கே தண்ணீர் போதவில்லை, எங்கிருந்து தருவது என்று எதிர்த்தார்கள். இரு பக்கமும் தமிழர், இரு பக்கமும் தாகம். கடைசியில் தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் கட்டி 2024-இல் திறந்தார்கள். முதல் வரைபடத்தைப் போட்ட நாளிலேயே குளத்தை நம்பியிருப்பவர்களை உட்காரவைத்துக் கேட்டிருந்தால் எத்தனையோ ஆண்டுகள் மிச்சமாகியிருக்கும்.

தொண்டு நிறுவனங்களுக்கு வரும் வெளிநாட்டுப் பணம்?

அது வேறு பாதை. இந்தியாவில் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் உள்துறை அமைச்சகம் பார்க்கிறது.

எங்கள் ஊரிலும் ஒரு பலகை இருக்கிறது. என்ன கேட்கலாம்?

ஒரு கருத்துக்கேட்புக் கூட்டத்துக்கு வந்த தமிழ்ச் சுருக்கத்தில் 'கடன்' என்று இருக்க வேண்டிய ஏழு இடத்திலும் 'உதவி' என்று இருந்ததைப் பார்த்திருக்கிறேன். மாற்றச் சொன்னேன், இரண்டு இடத்தில் மாற்றினார்கள். ஆகையால் பலகையோடும் சுருக்கத்தோடும் நிற்க வேண்டாம். தமிழ்நாட்டில் 2005 தகவல் உரிமைச் சட்டப்படி பத்து ரூபாய்க் கட்டணத்தோடு, திட்டத்தை நடத்தும் துறையின் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். குடிநீர் என்றால் பெரும்பாலும் குடிநீர் வடிகால் வாரியம். இலங்கையில் 2016-ஆம் ஆண்டின் 12-ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது, நிதி அமைச்சின் வெளிநாட்டு வளங்கள் திணைக்களத்திடம் ஒப்பந்த விவரம் இருக்கும்.

கொடையா கடனா, எந்த நாணயத்தில், வட்டி எவ்வளவு, முதல் தவணை எந்த ஆண்டு, கொள்முதலில் முடிச்சு உண்டா, இதுவரை விடுவித்தது எவ்வளவு, கட்டி முடித்த பிறகு பராமரிப்புக்கு யார் பணம் என்று கேளுங்கள். கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். கட்டுவதற்குக் கடன் தருகிறவர்கள் பலர், மோட்டார் ரிப்பேருக்குத் தருகிறவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.